முப்பத்தோரு சென்டிமீட்டர்

வ்ராத்திஸ்லாவ் போனபோது
காரை எடுத்துக்கொண்டான், காபி இயந்திரத்தை,
பனிச்சறுக்கு மட்டைகளை.
முந்நூறு லிட்டர் கடலை விட்டுப்போனான்.
நான்காவது மாடி, லிஃப்டுக்குள் நுழையாது என்றான்.
உண்மைதான். அளந்து பார்த்தேன்.

ஒஸ்த்ராவாவுக்குக் கடல் கிடையாது.
ஜனவரி வானம் அடுப்படிக் கரித்துணி.
டிராம் ஓட்டுகிறேன்.
முதல் வண்டி மூன்றே முக்காலுக்கு.
சூரியனைப் பார்ப்பது விடுமுறையில்,
அதுவும் அதற்கு மனமிருந்தால்.

பழைய விளக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அணைந்தது.
அரைச் சம்பளத்துக்குப் புதிய எல்இடி,
கறுப்பு, ஒல்லி, என் முன்கை நீளம்.
தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டேன்.
பசித்தவளுக்குக் குவித்துப் போடுவதுபோல்
முழு வெளிச்சமும் போட்டேன்.

மூன்றாம் நாள்
மேல்பாறைக் கிளைப்பவளம்
நுனியிலிருந்து வெளுத்தது.
சாகவில்லை.
தனக்குள் குடியிருந்த பாசிகளைக்
காலிசெய்யச் சொல்லிவிட்டது.
அத்தனை வெளிச்சத்தில்
யாரையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது போல.

மீன்கடை போஹுமில் ஒளிமானி இரவல் தந்தான்.
பிணையாக ஒரு பாட்டில் பிளம் சாராயம்.
"கண்ணை நம்பாதே.
உன் கண் எல்லா இருட்டுக்கும் பழகினது."

உணரியைப் பிளாஸ்டிக் குழாயில் கட்டி
மூலை மூலையாய் இறக்கினேன்.
நடுவில் ஐந்நூற்று எண்பது.
கண்ணாடி ஓரம் தொண்ணூறு.
பாறைக்குப் பின்னால்
எண் சொல்லவே தயங்கியது.
அரை மீட்டர் இடைவெளியில்
ஒரு பாலைவனமும் ஒரு பாதாளமும்.

மேலே ஏற்றினால் வெளிச்சம் விரியும்.
விரிந்தால் மெலியும்.
கம்பியின் உயரம் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.
பாலத்தடியில் தாழும், சந்திப்பில் உயரும்,
டிராமின் கை அதைத் தடவிக்கொண்டே போகும்.
தொடர்பு விட்டால் பொறி பறக்கும்,
அப்புறம் வண்டி நிற்கும்,
அப்புறம் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

ஞாயிறன்று கான்கிரீட் கூரையைத் துளைத்தேன்.
மேல்வீட்டு ஹ்ருஷ்கா தரையைத் துடைப்பத்தால் தட்டினார்.
நான் துளைத்தேன்.
அவர் தட்டினார்.
நான் துளைத்தேன்.
இரண்டு கொக்கி, நான்கு எஃகுக் கம்பி,
மட்டக்குழாயின் பச்சைக் குமிழ்
நடுவில் வந்து உட்காரும்வரை.

நாற்பது சென்டிமீட்டர்.
வெள்ளையைக் குறைத்து, நீலத்தை வைத்து,
முப்பது சதவீதத்தில் ஆரம்பம்.
வாரத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே.
ஒரு வாரம் காய்ச்சல், மறந்தேன்.
ஒரு வாரம் இறக்க மனம் வரவில்லை,
கம்பிப்பூட்டில் விரலை வைத்தபடி
நாற்காலியிலேயே நின்றேன்.

ஹ்ருஷ்கா புகார்க் காகிதத்தோடு வந்தார்.
வாசலில் செருப்பைக் கழற்றினார்,
தொட்டியைக் கண்டு குனிந்தார்.
"உயிருள்ளதா இது?"
"பாதி" என்றேன்.
நீல ஒளியில் அவர் சட்டைப் பொத்தான்கள்
ஒவ்வொன்றாய் எரிந்தன.
பல்லும் மின்னுகிறதா என்று கேட்டுச்
சிரித்துக் காட்டினார்.
காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது,
அடியில் மடித்து, ஆடும் ஸ்டூலுக்கு.

முப்பத்தொன்றில் நிறுத்தினேன்.
நடுவில் இருநூற்று எண்பது, ஓரத்தில் நூற்றைம்பது.
லென்ஸில் படியும் உப்பை
வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைக்கிறேன்.
மார்ச்சில் இரண்டு கிளைகள் நிறம் பிடித்தன,
பழைய ஊதா அல்ல, ஒரு தேன் நிறம்.
மூன்றாவதில் பச்சைப்பாசி ஏறிவிட்டது.
உடைத்து எடுத்தேன்.
சத்தம், சாக்பீஸ் ஒடிவதுபோல்.

நேற்று வ்ராத்திஸ்லாவ் பேசினான்.
நாலு ஆள் பிடித்திருக்கிறானாம்,
படிவழியாக இறக்கிவிடலாமாம்.

கூரையில் துளை போட்டாகிவிட்டது என்றேன்.

அதற்கும் இதற்கும் என்ன என்றான்.

சொல்ல நேரமில்லை.
விடியலைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்திருக்கிறேன்,
வண்டியைப் பணிமனையில் விட்டு
நான் வந்துசேரும் நேரம்.
மணி ஒன்று ஐம்பத்தெட்டு.